தூர்வாரும் கையும் தீ வைக்கும் கையும்: சீக்கியச் சூழலறம் – ஒரு மதிப்பீடு

2019 நவம்பர் 12 அன்று குரு நானக்கின் 550ஆவது பிறந்தநாளைச் சீக்கிய உலகம் கொண்டாடியது. மூன்று நாட்களுக்கு முன்புதான், இந்திய யாத்திரிகர்கள் பாகிஸ்தானிலுள்ள குருத்வாராவுக்குப் போகும் கர்தார்பூர் வழித்தடம் திறக்கப்பட்டிருந்தது. நானக் இளமையில் வாழ்ந்த சுல்தான்பூர் லோதியில் பெருங்கூட்டம். இந்தப் பருவத்தில் நெல் அறுத்தபின் நிற்கும் அரிதாளைக் கொளுத்தாதீர்கள், குருவுக்கு அதுவே காணிக்கை என்று பஞ்சாப் அரசு உழவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள்கள் அந்த அறுவடைக் காலத்தில் பஞ்சாபில் மட்டும் எண்ணிய தீ வைப்புகள் 50,000க்கும் மேல். அடுத்த ஆண்டு அது 76,000ஐத் தாண்டியது.

இதைக் கொண்டு சீக்கிய உழவரைப் பரிகசிப்பது சுலபம். டெல்லித் தொலைக்காட்சிகள் ஆண்டு தவறாமல் அதைச் செய்கின்றன. ஆனால் அதே மாநிலத்தில், அதே குருவின் பெயரைச் சொல்லி, சாக்கடையாகிப்போன ஓர் ஆற்றில் மக்களே இறங்கித் தூர்வாரினார்கள். ஒரே நம்பிக்கை ஓரிடத்தில் வேலை செய்கிறது, இன்னோரிடத்தில் செய்யவில்லை. ஏன்? சீக்கியமும் சுற்றுச்சூழலும் பற்றி வரும் எழுத்துகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. ஒரு சாரார் மறைநூலில் மரமும் பறவையும் நீரும் வரும் இடங்களைப் பொறுக்கிக் கோத்துவிட்டு நிறைவோடு முடிக்கிறார்கள். இன்னொரு சாரார் நிலத்தடி நீர், கொள்முதல் விலை, மின் மானியம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்த நிலத்தை உழுகிறவருக்கு ஒரு சமயம் இருப்பதே அவர்கள் கட்டுரைகளில் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

நூலில் உள்ளது

குரு அர்ஜன் 1604இல் தொகுத்த ஆதி கிரந்தமே பின்னாளில் குரு கிரந்த் சாகிப் ஆனது. இன்றைய அச்சில் 1,430 பக்கம். குருமார்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், ஷேக் ஃபரீத் போன்றோரின் பாடல்களும் அதில் உண்டு. பாடியவர்களில் பலர் நெசவு, தையல், தோல், உழவு என்று கைத்தொழில் உலகத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே உவமைகளும் அங்கிருந்தே வருகின்றன. மழைத்துளிக்கு வாய் திறந்திருக்கும் சாதகப் பறவை, நீரைவிட்டு வாழாத மீன், ஆற்றங்கரையில் வேர் அரிபடும் மரம், ஏற்றச் சக்கரத்தில் ஏறி இறங்கும் கலயங்கள் என்று ஐந்தாறு நூற்றாண்டுக்கு முந்திய பஞ்சாபின் நிலம் முழுக்க அதில் படிந்திருக்கிறது. பன்னிரு மாதங்களையும் வரிசையாகப் பாடும் ‘பாரா மாஹா’ என்ற வகையில் நானக்கும் அர்ஜனும் ஆளுக்கொன்று இயற்றியிருக்கிறார்கள். மாதத்தின் வெயிலும் மழையும் பூப்பும் உதிர்வும் அங்கே ஆன்மாவின் தவிப்புக்குக் களம்.

சூழல் பேசுகிறவர்கள் எல்லாரும் மறவாமல் காட்டும் இடம், நாள்தோறும் விடியலில் ஓதப்படும் ஜப்ஜியின் நிறைவுச் செய்யுள். காற்றுக்குக் குருவின் இடத்தையும் நீருக்குத் தந்தையின் இடத்தையும் மண்ணுக்குத் தாயின் இடத்தையும் அது தருகிறது. அடுத்ததாகக் காட்டுவது, புரி ஜெகந்நாதர் கோயிலில் நானக் பாடியதாக மரபு சொல்லும் ஆரத்திப் பாடல். தட்டும் தீபமும் வேண்டாம். வானமே தட்டு, கதிரும் நிலவுமே விளக்கு என்பது அதன் போக்கு.

இவை அழகானவை, ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு சீக்கியம் ஒரு ‘பசுமை மதம்’ என்று அறிவிப்பது எனக்கு உவப்பில்லை. பதினாறாம் நூற்றாண்டுப் பாடகருக்குப் புகைபோக்கியும் பூச்சிமருந்தும் தெரியாது. இயற்கையைப் புகழ்ந்து பாடாத மறைநூல் எந்த மதத்தில் இருக்கிறது? சூழலறத்துக்கு உண்மையிலேயே அடித்தளமாகக்கூடியவை இந்தச் செய்யுள்களைத் தாங்கி நிற்கும் கருத்துகள்தாம். படைத்தவன் படைப்புக்கு வெளியே நிற்பதில்லை, அதற்குள்ளேயே உறைகிறான் என்பது ஒன்று. ஹுக்கம் என்ற பேரொழுங்குக்குக் கல்லும் புல்லும் மனிதனும் ஒருசேரக் கட்டுப்பட்டவை என்பது இன்னொன்று. ‘நான், எனது’ என்ற செருக்கே (ஹௌமை என்பார்கள்) நோய். பேராசை அதன் பிள்ளை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் பஞ்சாபின் இன்றைய நிலைக்கு மிக அருகில் வருகிறது. கருத்தரங்குகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது நானக்கின் வாழ்க்கை. நெடும்பயணங்கள் முடிந்தபின் அவர் மலைக்கோ மடத்துக்கோ போகவில்லை. ராவி ஆற்றங்கரையில் கர்தார்பூரில் குடியமர்ந்து, 1539இல் மறையும்வரை உழுது பயிரிட்டார். உலகைத் துறந்து குகைக்குப் போன சித்தர்களோடும் யோகிகளோடும் அவர் வாதிட்டதை மரபு திரும்பத் திரும்பச் சொல்கிறது. உழைத்து உண், பகிர்ந்து உண், இறைவன் பெயரை நினை என்பது இல்லறத்தானுக்கு வகுத்த நெறி. காட்டை விட்டு விலகி நின்று அதைக் காக்கும் முனிவரின் சூழலறம் இதில் இல்லை. நிலத்தில் கைவைத்துப் பிழைக்கிறவனின் சூழலறம்தான் உண்டு. அதனால்தான் இந்த மதத்துக்கு வயலே தேர்வுக்கூடம். அங்கே தோற்றால் வேறெங்கே வென்றாலும் கணக்கு நேராகாது.

முரண்களையும் மறைக்க வேண்டியதில்லை. மனிதப் பிறவி ஏனைய பிறவிகளுக்கு மேலானது, மற்றவை அதற்குப் பணிசெய்பவை என்ற தொனி கிரந்தத்திலேயே உண்டு. குரு ஹர்கோவிந்தும் குரு கோவிந்த் சிங்கும் வேட்டையாடியவர்கள். குருத்வாராவின் பொதுப் பந்தியான லங்கரில் சைவ உணவு பரிமாறப்படுவது யாரும் தயங்காமல் பந்தியில் உட்காரத்தான். புலால் உண்பது பற்றிச் சீக்கியர்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை. புனித நீராடலால் மனத்தழுக்கு போகாது என்று நானக் கடுமையாகச் சொன்னார். ஆக, ஆற்றைத் தெய்வமாக்கி அதன் பெயரில் காப்பாற்றும் வழியும் இங்கே திறந்ததாக இல்லை.

கிணறு வெட்டிய குருமார்

தெய்வமாக்கவில்லை என்றாலும் நீரைப் பொதுவாக்கினார்கள். மூன்றாம் குரு அமர்தாஸ் கோயிந்த்வாலில் 84 படிகளோடு பெரிய படிக்கிணறு வெட்டினார். எந்தச் சாதிக்காரரும் இறங்கி அள்ளலாம் என்பதுதான் அன்று அதன் செய்தி. நான்காம் குரு ராம்தாஸ் 1577இல் தொடங்கிய ஊர் ஒரு குளத்தைச் சுற்றியே வளர்ந்தது; குளத்தின் பெயரே ஊருக்கும் ஆகி அமிர்தசரஸ் ஆயிற்று. ஐந்தாம் குரு அர்ஜன் தரண் தாரனில் குளமும், அமிர்தசரசுக்கு அருகே ஆறு ஏற்றச் சக்கரங்கள் சேர்ந்து ஓடும் அகலமான கிணறும் அமைத்தார். அந்தக் கிணற்றால் அவ்வூருக்கே சேஹர்ட்டா என்று பெயர். குருமார் போன இடமெல்லாம் நீர்நிலை என்ற இந்த வரிசையை, நிலத்தடி நீர் பற்றிய இன்றைய விவாதத்தில் யாராவது எடுத்துவைத்தால் பயனுண்டு.

ஏழாம் குரு ஹர் ராய் (1630–1661) சூழல் இயக்கத்தின் காவல் உருவமாகவே ஆகிவிட்டார். சிறுவனாக இருந்தபோது அகன்ற அங்கி பட்டு மலர்கள் முறிந்ததைக் கண்டு வருந்தினார் என்றும், பெரிய உடை உடுத்தினால் கவனத்தோடு நட என்று பாட்டனார் ஹர்கோவிந்த் சொன்னார் என்றும் கதை. கீரத்பூரில் அவர் மூலிகைத் தோட்டம் வளர்த்தார். நோயுற்ற முகலாய இளவரசர் தாரா ஷிகோவுக்கு அங்கிருந்து மருந்து போனதாக மரபு. அவர் குருபீடம் ஏறிய நாளாகக் கொள்ளப்படும் மார்ச் 14ஐச் சீக்கியச் சுற்றுச்சூழல் நாளாக 2011 முதல் கடைப்பிடிக்கிறார்கள். சீக்கிய நாட்காட்டியான நானக்ஷாஹியின் ஆண்டுப் பிறப்பும் அன்றே.

பஞ்சாபில் மரத்தின் பெயர் தாங்கிய குருத்வாராக்கள் ஏராளம். பேர் சாகிப் என்றால் இலந்தை, பிப்லி சாகிப் என்றால் அரசு, நிம் சாகிப் என்றால் வேம்பு, அம்ப் சாகிப் என்றால் மா. குரு வந்து நிழலில் அமர்ந்த மரம் அங்கே இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பொற்கோயில் வளாகத்திலேயே பழைய இலந்தை மரங்கள் மூன்று உண்டு. அவற்றைச் சுற்றிப் பளிங்கு பாவி, வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் செய்துவிட்டார்கள். கிளைகள் காயத் தொடங்கிய பிறகு லூதியானா வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகளை அழைத்து, அடித்தண்டைச் சுற்றி மண்ணைத் திறந்துவிட வைத்தார்கள். மரங்கள் மீண்டும் காய்த்தன. குருத்வாராத் திருப்பணி என்றாலே பழைய செங்கல்லையும் மரத்தையும் அகற்றிப் பளிங்கு போர்த்துவது என்று ஆகிப்போன பஞ்சாபுக்கு இந்த நிகழ்வு போதுமான பாடம். எல்லாரும் படித்ததாகத் தெரியவில்லை.

துண்டறிக்கைக்காரர்

சீக்கியச் சூழல் இயக்கம் வாஷிங்டனில் பிறந்தது என்று எழுதுகிறவர்கள் பகத் பூரண் சிங்கை மறந்துவிடுகிறார்கள். 1904இல் லூதியானா மாவட்டத்து ராஜேவாலில் இந்துக் குடும்பத்தில் பிறந்து சீக்கியரானவர். வழியில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் எடுத்துப் போடவும், மரம் நடவும், வாயில்லா உயிர்களுக்குத் தண்ணீர் வைக்கவும் தாய் மெஹ்தாப் கௌர் பழக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். லாகூரில் குருத்வாரா தேரா சாகிபில் தொண்டு செய்துகொண்டே தயாள் சிங் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர். 1934இல் கைவிடப்பட்ட ஊனமுற்ற சிறுவன் ஒருவனை ஏற்று, ஆண்டுக்கணக்கில் முதுகில் சுமந்து வளர்த்தார். பிரிவினையின்போது அந்தப் பிள்ளையோடுதான் அமிர்தசரஸ் வந்தார். ஆதரவற்ற நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய பிங்கல்வாடா இன்றும் நடக்கிறது.

அந்தப் பணியோடு அவர் விடாமல் செய்த இன்னொன்று, மண் அரிப்பு, மரம் வெட்டு, காற்று மாசு, வீண் நுகர்வு பற்றித் துண்டறிக்கை அச்சிட்டுப் பொற்கோயில் வாசலில் வழங்கியது. ஒருபக்கம் பயன்படுத்திய பழைய தாளின் மறுபக்கத்தில் அச்சடிப்பார். கதர் உடுத்தினார். இந்தியாவில் ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல் செய்தித்தாளுக்கு வருமுன்பே இவர் கோயிலின் காலணி வைக்குமிடமான ஜோடாகர் பக்கத்தில் நின்று அதைப் பேசிக்கொண்டிருந்தார். 1981இல் வந்த பத்மஸ்ரீயை 1984இல் பொற்கோயில் மீதான ராணுவ நடவடிக்கைக்குப் பின் திருப்பி அனுப்பினார். 1992இல் மறைந்தார். நோயாளியின் புண்ணைக் கழுவுவதும் சாலையோர மரத்துக்கு நீர் ஊற்றுவதும் அவருக்கு ஒரே சேவா. கோட்பாடு எழுதியவர்கள் பலர். அதை இப்படி ஒரே மூச்சில் வாழ்ந்தவர் வேறொருவர் இல்லை.

காலி பெயின்

சுல்தான்பூர் லோதியில் ஆளுநர் தௌலத் கான் லோதியின் களஞ்சியத்தில் வேலைபார்த்த இளம் நானக், ஒருநாள் ஆற்றில் குளிக்க இறங்கி மூன்று நாள் காணாமற்போய், புதிய மனிதராய் எழுந்து வந்தார் என்பது சீக்கிய மரபின் தொடக்கக் கதை. அந்த ஆறுதான் காலி பெயின். ஹோஷியார்பூர் மாவட்டத்தில் ஊற்றெடுத்து 160 கிலோமீட்டர் ஓடி, பியாசும் சட்லஜும் கூடும் ஹரிக்கே அருகே சேர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கரையோர ஊர்களின் சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான் அதில் இருந்தன. சில இடங்களில் ஆற்றின் தடமே இல்லை.

2000 ஜூலையில் சீச்சேவால் கிராமத்துத் துறவி பல்பீர் சிங் தன் ஆட்களோடு அதில் இறங்கினார். அவர் பயன்படுத்தியது கார் சேவா என்னும் பழைய அமைப்பு: குருத்வாராக் குளத்தைத் தூர்வார ஊரே திரண்டு மண் சுமப்பார்களே, அதே முறை. ஒவ்வொரு ஊராக ஆள் வந்தது, டிராக்டர் வந்தது, ரொட்டியும் பருப்பும் வந்தன. ஆகாயத்தாமரையைக் கையால் இழுத்து வெளியே போட்டார்கள், வண்டல் எடுத்தார்கள், கரை கட்டி மரம் நட்டார்கள், படித்துறை அமைத்தார்கள். பிறகு அரசும் அசைந்து ஆற்றுக்குள் நீர் திறந்துவிட்டது. கிராமத்துக் கழிவுநீரைக் குட்டைகளில் தேக்கித் தெளியவைத்து வயலுக்குப் பாய்ச்சும் எளிய முறை ஒன்றை அவர் பரப்பினார். ‘சீச்சேவால் மாதிரி’ என்று அதற்குப் பெயரே ஆயிற்று. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2006இல் நேரில் வந்து பார்த்தார். 2008இல் டைம் இதழ் சூழல் நாயகர்கள் பட்டியலில் சேர்த்தது. 2017இல் பத்மஸ்ரீ, 2022இல் மாநிலங்களவை.

ஆறு முழுதும் மீண்டுவிட்டதா என்றால் இல்லை. கழிவு மீண்டும் புகுந்து மீன்கள் செத்து மிதந்த செய்திகள் பின்னரும் வந்தன. மேல்கரை ஊர்களின் சாக்கடையை நிறுத்துவது மண்வெட்டியால் முடிகிற காரியம் அல்ல. அதற்கு நகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வேலை செய்ய வேண்டும். லூதியானாவின் சாயப்பட்டறைக் கழிவும் மாட்டுக்கொட்டில் சாணமும் சுமந்து சட்லஜில் விழும் புட்டா நாலாவில் அதே பல்பீர் சிங் இறங்கியபோது இது இன்னும் தெளிவாயிற்று. தொண்டருக்கு முன்னால் அங்கே இருப்பது ஆகாயத்தாமரை அல்ல, தொழில் முதலாளி.

இருந்தாலும் காலி பெயினின் பாடம் பெரிது. செய்யுளைச் சொல்லி யாரும் அந்த மக்களை ஆற்றுக்குள் இறக்கவில்லை. சேவா என்னும் தொண்டும், லங்கரும், சங்கத் என்னும் அடியார் கூட்டமும் ஏற்கெனவே கைவசம் இருந்த கருவிகள். இதே கருவிகள் வேறு இடங்களிலும் கைகொடுத்தன. கடூர் சாகிபைச் சுற்றிய சாலைகளில் 1999 முதல் மரம் நட்டுவரும் பாபா சேவா சிங் (2010இல் பத்மஸ்ரீ) அதே வழிதான். 2022இல் சட்லஜ் கரையின் மத்தேவாராக் காட்டருகே ஜவுளிப் பூங்கா வராமல் தடுத்த இயக்கமும், ஜீராவுக்கு அருகே மன்சூர்வாலில் எத்தனால் ஆலை நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று மாதக்கணக்கில் வாசலில் பந்தலிட்டு உட்கார்ந்த கிராமங்களும் மத இயக்கங்கள் அல்ல. ஆனால் மன்சூர்வால் பந்தலை அத்தனை காலம் நிற்கவைத்தது லங்கர்ச் சட்டி. 2023 ஜனவரியில் ஆலையை மூடுவதாக முதல்வர் அறிவித்தார்.

மரக்கன்றுகளின் காலம்

2009இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் இளவரசர் பிலிப் தொடங்கிய மதங்கள்–இயற்கைப் பாதுகாப்புக் கூட்டணியும் உலக மதங்களைத் தங்கள் சூழல் திட்டங்களோடு வின்ட்சர் கோட்டைக்கு அழைத்தன. அந்த முயற்சியில் ராஜ்வந்த் சிங் தலைமையில் வாஷிங்டனில் உருவானதே ஈகோசிக் அமைப்பு. 2014இல் நியூயார்க் காலநிலைப் பேரணியை ஒட்டிச் சீக்கியர் சார்பில் காலநிலை அறிக்கை ஒன்றையும் அது வெளியிட்டது. 550ஆம் ஆண்டுக்காக அது தொடங்கியது, ஒவ்வொரு காட்டிலும் 550 மரம் என்று குரு நானக் பெயரில் சிறு காடுகள். பத்து லட்சம் மரம் இலக்கு. ஜப்பானியர் மியாவாகியின் அடர்நடவு முறை. மோகா மாவட்டத்தில் பத்தோ ஹிரா சிங் கிராமத்தில், கிரந்தத்தில் பெயர் வரும் 58 வகைத் தாவரங்களைக் கொண்ட தோட்டமும் உண்டு. பொற்கோயிலில் பிரசாதத்துக்கு மக்கும் பைகள் வந்தன. பல குருத்வாராக்கள் பிரசாதமாக மரக்கன்று தருகின்றன.

வனப்பரப்பு நான்கு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள மாநிலத்தில் எந்த மரமும் வரவு. ஆனால் கன்று நடுவது யாரையும் பகைக்காத வேலை. அதனால்தான் அது எளிதில் பரவுகிறது. ஜூன் வெயிலில் குரு அர்ஜனின் உயிர்த்தியாகத்தை நினைந்து சாலையெங்கும் சபீல் பந்தலில் குளிர்ந்த இனிப்புப் பால் தருகிறார்கள். அருமையான வழக்கம். மாலையில் அதே சாலை பிளாஸ்டிக் குவளையால் நிறைந்திருக்கும். எவர்சில்வர் தம்ளரைக் கழுவி அடுக்கும் சேவா ஒவ்வொரு குருத்வாராவுக்குள்ளும் நடக்கிறபோது, பந்தலில் மட்டும் ஏன் நடக்கக் கூடாது?

நெல்

இனி வயலுக்கு வருவோம். 1960–61இல் இன்றைய பஞ்சாப் எல்லைக்குள் நெல் விளைந்த நிலம் ஏறத்தாழ 2.3 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சத்துக்கு மேல். பஞ்சாபியர் பெரும்பாலும் சோறு உண்பவர்கள் அல்லர்; அந்த நெல் மத்தியத் தொகுப்புக்குப் போய் நாடெங்கும் ரேஷன் அரிசியாகிறது. இந்த மாற்றத்தை வடிவமைத்தவர்களில் இரண்டு தமிழர்கள் முதன்மையானவர்கள்: அமைச்சர் சி. சுப்பிரமணியம், விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். நீரையும் மண்ணையும் எல்லை மீறிச் சுரண்டினால் பேரிடர் வரும் என்று 1968 ஜனவரியிலேயே வாரணாசி அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் எச்சரித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கைதட்டிவிட்டு எச்சரிக்கையை மறந்தோம்.

பஞ்சாபின் பாசனத்தில் நான்கில் மூன்று பங்கு ஆழ்துளைக் கிணறுகள். ஏறத்தாழ 14 லட்சம் மின் மோட்டார்கள். மின்சாரம் இலவசம். ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீர் 100 என்றால் இறைப்பது 150க்கும் மேல் என்கிறது மத்திய நிலத்தடி நீர் வாரியம். இதைத் தடுக்க 2009இல் ஒரு சட்டம் வந்தது: ஜூன் 10க்கு முன் நாற்று நடக் கூடாது. நடவு தள்ளியது, அறுவடையும் தள்ளியது. நெல் அறுப்பதற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையில் மூன்று வாரம்தான் மிஞ்சியது. அறுவடை இயந்திரம் அரிதாளை நிற்கவிட்டுப் போகிறது, ஆள் கூலியும் உழும் இயந்திரமும் செலவு, தீப்பெட்டிக்குச் செலவில்லை. அதுவும் காற்று தங்கிப்போகும் நவம்பரில். நீரைக் காக்கச் சட்டம் போட்டார்கள், காற்று கெட்டது.

நானக்கின் சொல் ஏன் இங்கே எடுபடவில்லை என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது. ஆறு பொது, சாலையோரம் பொது, காடு பொது. அங்கே ஊர் கூடினால் போதும். நட்டம் யாருக்கும் தனியாக இல்லை. வயலோ தனியார் சொத்து, வங்கிக் கடனில் நிற்பது, டெல்லி விலை சொல்லி வாங்கும் இரண்டே பயிருக்குக் கட்டுண்டது. ஊரில் நூறு பேர் வைக்கும் தீயைத் தான் ஒருவன் வைக்காதிருந்தால் காற்று தூய்மையாகாது. அவன் கோதுமை மட்டும் தாமதமாகும். சங்கத் என்னும் கூட்டத்தின் அறம் சேர்ந்து செய்யும் வேலைக்கு வகுத்தது. தனித்தனியே இழப்பைத் தாங்கச் சொல்வதற்கு அதில் கருவி இல்லை. 2020–21 உழவர் போராட்டத்தின் கோரிக்கைகளில் அரிதாள் எரிப்புக்கான தண்டனையை நீக்குவதும் ஒன்றாக இருந்ததை நான் அறத்தின் வீழ்ச்சியாகப் பார்க்கவில்லை. விலையைத் தீர்மானிக்காதவனிடம் அபராதம் கேட்டால் வேறென்ன சொல்வான்?

ஆனால் சீக்கியத் தலைமைக்கும் பொறுப்புண்டு. 1982இல் கபூரியில் சட்லஜ்–யமுனை இணைப்புக் கால்வாயை எதிர்த்துத் தொடங்கியது பின் தர்மயுத்தப் போராட்டமாயிற்று. ஆற்றுநீர் யாருக்கு உரிமை என்ற கேள்வியில் சீக்கியக் கட்சியான அகாலி தளத்தின் அரசியல் பல பத்தாண்டுகளைச் செலவிட்டது. அந்த உரிமைக் கோரிக்கையில் நியாயம் உண்டு. அதே ஆண்டுகளில் காலடியில் இருந்த நீர் வற்றிக்கொண்டிருந்தது. அதற்காக ஒரு போராட்டமும் எழவில்லை. இலவச மின்சாரத்தைத் தந்ததும் அதே தலைமைதான்.

அண்மைக் கணக்கில் தீ குறைந்திருக்கிறது: 2023இல் 36,000க்கு மேல், 2024இல் 11,000க்குச் சற்றுக் கீழ். வைக்கோலை மண்ணோடு மடக்கும் இயந்திரங்களுக்கு மானியம், வைக்கோலை வாங்கும் ஆலைகள், வழக்குகள் எல்லாம் காரணம். செயற்கைக்கோள் நண்பகலில் கடந்துபோன பிறகு மாலையில் கொளுத்துகிறார்கள், ஆகவே குறைவு பாதி பொய் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. மதம் இதில் எந்தப் பக்கத்திலும் முக்கியக் காரணமாக வரவில்லை. இதற்கிடையே காலநிலை காத்திருக்கவில்லை. 2022 மார்ச் வெப்பத்தில் கோதுமை சுருங்கியது. 2025 ஆகஸ்டில் ராவி பெருகி, நானக் உழுத கர்தார்பூரின் குருத்வாரா வளாகமே நீருக்குள் நின்றது.

பருப்பு யார் வாங்குவது?

பஞ்சாப் பயிர் மாற வேண்டும் என்று எஸ்.எஸ். ஜோல் குழு 1986லேயே சொன்னது. நெல்–கோதுமையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு நிலத்தை விடுவிக்கக் கேட்டது. நடந்தது நேர்மாறு. 1960–61இல் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேரில் விளைந்த பருப்பு வகைகள் இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விளைந்தாலும் உறுதியாக வாங்க ஆள் இல்லை என்பதே உழவரின் ஒரே பதில்.

வாங்க ஆள் இருக்கிறது. பொற்கோயிலில் மட்டும் நாளொன்றுக்கு 50,000 முதல் ஒரு லட்சம் பேர் உண்கிறார்கள். உண்பது ரொட்டியும் பருப்பும். ஒருவருக்கு 50 கிராம் என்று கொண்டால் ஒரு லட்சம் பேருக்கு நாளைக்கு 5 டன், ஆண்டுக்கு 1,800 டன் பருப்பு. ஹெக்டேருக்கு ஒரு டன் விளைந்தால் 1,800 ஹெக்டேர். 30 லட்சத்தின் முன் இது ஒன்றுமே இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் லங்கர் ஒரு கோயிலில் மட்டும் நடக்கவில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் நடக்கிறது. குருத்வாராக்களுக்குச் சொந்த நிலம் உண்டு, பெரும்பகுதி குத்தகைக்கு விடப்படுகிறது. அந்தக் குத்தகையில் நெல் கூடாது என்று ஒரு நிபந்தனை எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. லங்கர் பருப்பைப் பஞ்சாப் உழவரிடமிருந்தே, முன்கூட்டிச் சொன்ன விலைக்கு, மூன்று நான்கு ஆண்டு ஒப்பந்தமாக வாங்குவோம் என்று குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா கமிட்டி தீர்மானிக்கவும் டெல்லி தேவையில்லை. வயலுக்குள் மதம் நுழையக்கூடிய வாசல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அமிர்தசரஸ் அருகே சத்லானியில் குருத்வாரா நிலத்தில் ரசாயனமின்றி விளைவித்து லங்கருக்குத் தரும் முயற்சி ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது. அதை எல்லாக் குருத்வாரா நிலங்களுக்கும் விரிக்கும் முடிவு கமிட்டியின் கையில் இருக்கிறது.